கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனின் உள்ளங்கையில் பிரம்புத் தடிப்பைப் பார்த்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறீர்கள். கணக்கு வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் மற்ற பெற்றோர்கள் முந்திக்கொண்டார்கள். "அடிக்காம எப்படிம்மா படிக்கும்?" என்று ஒருவர். "எங்க புள்ளைய நல்லா அடிங்க சார், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று இன்னொருவர். வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டுக்காரரும் "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றிருக்கிறார். பெற்றவர்களே ஏன் பிள்ளையை அடிக்கச் சொல்கிறார்கள், சட்டம் யார் பக்கம், "நீ போய் கேக்காதம்மா" என்று மகன் அழுகிறானே, இனி என்ன செய்வது? இவைதான் உங்கள் கேள்விகள்.

சட்டம் உங்கள் பக்கம். அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்விதான் பெரியது. அந்த மாதிரிப் பெற்றோரை 31 வருஷம் எதிரே வைத்துப் பேசியவன் என்பதால் அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். முதல் பன்னிரண்டு வருஷம் நானும் அடித்தேன் அம்மா. அதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் யோக்கியமாக இருக்காது.

ஜூன் மாதச் சேர்க்கை நேரம். ஒரு கையில் டி.சி., இன்னொரு கையில் பையனின் மணிக்கட்டு என்று அறை வாசலில் ஒரு அப்பா நிற்பார். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். "சார், இவன உங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன். கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." பையன் தரையைப் பார்ப்பான். நாங்கள் சிரிப்போம். இந்த வசனத்தைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒரு வாத்தியார் ஓய்வு பெற்றிருக்க முடியாது.

வருஷக்கணக்காக அதை நான் அனுமதிச் சீட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்பாவே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? அந்த வசனத்துக்கு அடுத்து அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்க ஆரம்பித்தது ரொம்பப் பிற்பாடுதான். "எனக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும் சார்." "தை பொறந்தா நாங்க சூளைக்குப் போயிடுவோம், இவன் ஆயாகிட்டதான் இருப்பான்." "பெரியவன் எட்டாவதோட நின்னுட்டான் சார், இவனாவது..." செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் ஆள் போகிற ஊர்கள் எங்களுடையவை. அந்த அப்பாவுக்கு டியூஷனுக்குப் பணம் இல்லை, நோட்டைப் புரட்டிப் பார்க்கப் படிப்பு இல்லை, பையன் பக்கத்தில் இருக்க நேரமும் இல்லை. வாத்தியாரிடம் அவர் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் பிள்ளையின் மீதுள்ள உரிமை. அதைத்தான் தூக்கிக் கொடுக்கிறார்.

கிராமத்தில் ஒரு பிள்ளையை யார் அடிக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா, அம்மா, ஆயா, தாய்மாமன், சித்தப்பா. பக்கத்து வீட்டுக்காரர் லேசாக ஒரு தட்டுத் தட்டினாலும் தெரு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அடிக்கும் உரிமை சொந்தபந்தத்துக்கு மட்டும். ஆகவே "அடிங்க சார்" என்று ஒருவர் சொன்னால், "இவனை உங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள், கைவிட்டுவிடாதீர்கள்" என்று கேட்கிறார். நேராகக் கேட்கக் கூச்சம், அதனால் பிரம்பை வைத்துக் கேட்கிறார். உங்கள் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் பாதிப் பேராவது இந்த ரகமாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். அடிக்கிற வாத்தியார் என்றால் அக்கறையுள்ள வாத்தியார். அடிக்காதவர் சம்பளத்துக்கு வந்துபோகிறவர். இந்தக் கணக்கு அவர்கள் மனசில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. நீங்கள் பிரம்பைக் கேள்வி கேட்டபோது, "எங்கள் பிள்ளைகளைக் கவனிக்காதீர்கள்" என்று நீங்கள் சொல்வதாக அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

இதே அப்பா, பிள்ளையின் காதில் ரத்தம் வந்தால் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். "அன்னைக்கு அடிக்கச் சொன்னவன்தானே இவன்" என்று ஆசிரியர் அறையில் பொருமுவோம். அதில் முரண் எதுவும் இல்லை. எழுதப்படாத ஓர் அளவுகோல் அவர்களிடம் எப்போதுமே உண்டு. உள்ளங்கையில் போடலாம், கெண்டைக்காலில் போடலாம். கன்னம், காது, தலை கூடாது. படிக்காததற்கு அடிக்கலாம், நோட்டு வாங்கவில்லை, சீருடை கிழிந்திருக்கிறது, ஃபீஸ் கட்டவில்லை என்று அடித்தால் அது பிள்ளைக்கு விழுந்த அடி ஆகாது, அப்பனுக்கு விழுந்த அடி. வயசுக்கு வந்த பெண்ணை ஆண் வாத்தியார் தொடவே கூடாது. சாதியைச் சொல்லித் திட்டிக்கொண்டு அடித்தால் பேச்சு வேறு மாதிரி போகும். இந்த எல்லைகள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். எது எல்லை என்று அடிக்கும் நிமிஷத்தில் எந்த வாத்தியாருக்கும் நினைவிருக்காது. கோபத்தில் ஓங்கிய கைக்குக் கெண்டைக்காலும் தெரியாது, காதும் தெரியாது.

கருத்துக் கணிப்புகளை அதனால்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பேன். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் நலத்துறை 2007இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இருவர், அதாவது 65 சதவீதம் பேர், பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். பெரியவர்களிடமும் கேட்டார்கள். 44 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேற்பட்டோர் பிள்ளையைத் திருத்த அடி அவசியம் என்றார்கள். கால்வாசிப் பேர் கூடாது என்றார்கள். மீதி 30 சதவீதம் பேர் கருத்தே சொல்லவில்லை. எல்லோரும் அந்த 44ஐ எடுத்துவைத்துப் பேசுவார்கள். என் கண் அந்த 30இல்தான் நிற்கும். கூட்டத்தில் உங்களுக்கு ஆதரவாகவும் பேசாமல் எதிராகவும் பேசாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களைக் கவனித்தீர்களா? எண்ணிப் பார்த்திருந்தால் எதிர்த்துப் பேசியவர்களைவிட அவர்கள் குறைவாக இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆய்வு வேறொன்று. ஒன்றாயிருந்த ஆந்திரப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே பின்தொடர்ந்த யங் லைவ்ஸ் என்ற நீண்டகால ஆய்வு அது. முந்தின ஒரு வாரத்துக்குள் பள்ளியில் அடி வாங்கினாயா என்று கேட்டபோது 8 வயதுப் பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 15 வயதினரில் 34 சதவீதம். வர்ஜீனியா மாரோ, ரேணு சிங் என்ற இருவர் அதிலிருந்து பிள்ளைகள் சொன்னதையும் பெற்றோர் சொன்னதையும் தனியாக எடுத்து 2014இல் எழுதினார்கள். பெற்றோர் ஒரே குரலில் பேசவில்லை. அடித்தால்தான் படிப்பு வரும் என்றவர்கள் இருந்தார்கள். அடிக்குப் பயந்தே பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொன்று. வறுமையால் வரும் குறைகளுக்கே பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள்: நோட்டு இல்லை, ஃபீஸ் இல்லை, பெற்றோரோடு வயல் வேலைக்குப் போனதால் பள்ளிக்கு வரவில்லை.

தைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன். அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தான். அதற்குள் இயற்கணிதத்தில் பாதி ஓடிவிட்டது. கரும்பலகைக்குக் கூப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டச் சொன்னேன். நீட்டினான். உள்ளங்கை முழுக்கக் கரும்புத் தோகை கிழித்த கீறல்கள், அதன்மேல் அருவாப் பிடியில் வந்த கொப்புளம். பார்த்தேன். பார்த்தும் நாலு அடி அடித்தேன், ஏனென்றால் ஓங்கிய பிரம்பை வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவன் வரவில்லை. பத்து நாள் கழித்து அவன் அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். "வர மாட்டேங்கறான் சார். நீங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க. கொடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே கூப்பிட்டும் வராமல் போனாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள், என்னிடம்! வருகைப் பதிவேட்டில் அவன் பேரைச் சிவப்பு மையில் அடித்தேன். பிரம்பை விட்டது அந்த வருஷம்தான். சட்டத்துக்குப் பயந்தெல்லாம் விடவில்லை, சட்டம் பிறகுதான் வந்தது.

"எங்களையும்தான் அடிச்சாங்க, நாங்க நல்லா இல்லையா?" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாத கூட்டமே கிடையாது. என்னுடைய அந்த எட்டாம் வகுப்பில் 54 பேர். அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியது 37 பேர். அந்த முப்பத்தேழு பேர் இன்றைக்கு அப்பாக்களாகப் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்து "சார் அடிச்சதாலதான் நான் ஆளானேன்" என்கிறார்கள். என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவர்களும் உண்டு, எனக்குக் கூசும். மீதிப் பதினேழு பேர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. வந்தாலும் பேசுவதில்லை. அந்தப் பதினேழில் எத்தனை பேர் பிரம்பால் போனவர்கள், எத்தனை பேர் வறுமையால் போனவர்கள் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஜெயித்து வந்தவர்களிடம் மட்டும் கேட்டு முடிவுக்கு வருவது கணக்கு வாத்தியார் ஒத்துக்கொள்ளக்கூடிய வழி இல்லை.

முருங்கையை ஒடிச்சு வளக்கணும், புள்ளைய அடிச்சு வளக்கணும் என்று இன்னொரு சொலவடையைக் கொண்டுவருவார்கள். என் கொல்லையில் நாலு முருங்கை இருக்கிறது. காய்ப்பு முடிந்த பிறகு, மழைக்கு முன்னால், எந்தக் கிளையை எங்கே வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்று பார்த்துத்தான் வெட்டுவோம். மரத்தின் மேல் கோபம் வந்து யாரும் ஒடிப்பதில்லை.

தனியார் பள்ளிப் பெற்றோர் கதை வேறு. அங்கே "ஒப்படைச்சிட்டேன்" கிடையாது, "கட்டியிருக்கேன்" என்பதுதான். இத்தனை ஆயிரம் கட்டியிருக்கிறேன், மார்க் வர வேண்டும். "அந்த ஸ்கூல்ல ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று ஒரு பள்ளிக்கு விளம்பரமே அப்படித்தான் பரவுகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்குக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்கும் படித்த பெற்றோர், அங்கே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்தே கேட்காமல் இருக்கிறார்கள். என் சொந்தக்காரர் ஒருவர், வங்கி அதிகாரி, "நம்ம கண்ணு முன்னாடி அடிச்சாதானே வலிக்கும்" என்றார். சூளைக்குப் போகும் அப்பாவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இவரைப் புரிந்துகொள்ள நான் இன்னும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பிரம்பு நம் மரபு, மேல்நாட்டார் சொல்லி விட வேண்டுமா என்று வாதிடுவோருக்கு ஒரு செய்தி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் நம்மிடம் இருந்தது உண்மை. அங்கேயும் குறைவில்லை. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் தடித்த தோல்வாரால் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். உங்களைப் போலவே இரண்டு அம்மாக்கள் எங்கள் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் தீர்ப்பு: பெற்றோரின் அந்தக் கொள்கையைப் பள்ளி மதித்தாக வேண்டும். அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இழுத்தடித்தது. 1986 ஜூலையில் அரசுப் பள்ளிகளில் பிரம்பை ஒழிக்கும் திருத்தம் 231க்கு 230 என்று ஒரே ஓட்டில் தேறியது. தனியார் பள்ளிகளுக்கும் தடை வந்த பிறகு, அடிக்கச் சொல்வது எங்கள் மத நம்பிக்கை என்று இன்னொரு பெற்றோர் கூட்டம் வழக்குப் போட்டு 2005இல் தோற்றது. அடிக்காதே என்ற பெற்றோர் ஜெயித்தார்கள், அடி என்ற பெற்றோர் தோற்றார்கள். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சாப்பிடும்போது பேச நல்ல விஷயம்.

சரி, நம் சட்டம். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி ஒரு காலத்தில், வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசம், அப்பட்டமான அடங்காமை போன்றவற்றுக்குத் தலைமையாசிரியர் மேற்பார்வையில் கையில் ஆறு அடி வரை அனுமதித்தது. 2003இல் அதைத் திருத்தி, உடலுக்கோ மனசுக்கோ வலி தரும் எந்தத் தண்டனையும் கூடாது என்றாக்கினார்கள். டெல்லியில் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2000 டிசம்பரில், பெற்றோர் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் அந்த ஊர் உயர் நீதிமன்றம் பிரம்படி விதியை ரத்து செய்திருந்தது. வழக்குப் போட்டவர்கள் பெற்றோர் என்பதைக் கவனியுங்கள். பிறகு 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனை, மன உளைச்சல் இரண்டையும் நாடு முழுக்கத் தடை செய்தது. மீறினால் ஆசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியும் இருக்கிறது. இந்த இரண்டு இடைவெளியையும் அடைப்பது சிறார் நீதிச் சட்டம் 2015, 75ஆம் பிரிவு. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையில்லாத வேதனை தரும்படி தாக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"நானே எழுதிக் கொடுக்கிறேன் சார், அடிங்க" என்று சொன்ன அப்பாக்கள் எனக்கு உண்டு. அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 89ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 27ஆம் பிரிவு: 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, காப்பாளர் சம்மதத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்கிறது. அடித்த ஆசிரியரின் வக்கீல் முதலில் பிடிப்பது இந்தப் பிரிவைத்தான். கிரிமினல் வழக்கில் அது சில சமயம் கைகொடுக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் தடைக்கு முன்னால் அது நிற்காது. 17ஆம் பிரிவில் "பெற்றோர் சம்மதித்தால் தவிர" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. உங்கள் கூட்டத்தில் அத்தனை பேரும் கை தூக்கியிருந்தாலும் அந்த வாத்தியாருக்கு அடிக்கும் உரிமை வந்துவிடாது.

நீதிமன்றங்களும் ஒரே பாட்டுப் பாடுவதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில், உடல் தண்டனையை ஒழிப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை எல்லாப் பள்ளியிலும் நடைமுறைப்படுத்தி, அதைக் கண்காணிக்கக் குழு அமைக்கும்படி உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், ஆசிரியர் மேல் புகார் வந்தவுடன் கைது செய்யாமல் முதலில் விசாரியுங்கள் என்றது. பயன்படுத்தாவிட்டாலும் ஆசிரியர் கையில் ஒரு பிரம்பு இருக்கட்டுமே என்றும் சொன்னது. ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி பறந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசாவிட்டால் என் பழைய சகாக்கள் என்னை விட மாட்டார்கள். அறுபது பிள்ளைகள், ஒரே அறை, கடைசி பெஞ்சில் போதைப் பாக்கு, கேட்டால் "டச் பண்ணிப் பாருங்க, 1098க்கு போன் போடுவேன்" என்று குழந்தைகள் உதவி எண்ணைக் காட்டி மிரட்டுகிற பையன். பிரம்பைப் பிடுங்கிய அரசாங்கம் அந்தக் கையில் வேறு எதையும் வைக்கவில்லை. ஒரு பி.டி. சார், ஒரு ஆலோசகர், சின்ன வகுப்பு என்று எதுவும் இல்லை. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் பிரம்பு போன இடத்தில் வந்து உட்கார்ந்தது வாய். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு." "உங்க தெருவுல எவன் படிச்சான்?" 2009-10இல் தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் 7 மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் கேட்டது. எந்தத் தண்டனையும் அனுபவித்ததில்லை என்று சொன்னவர்கள் வெறும் 9 பேர். உனக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சை வாங்கியவர்கள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். பெற்றோர் கூட்டங்களில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் தடிப்பு தெரிவதில்லை. அந்தத் தெருப் பேச்சு சாதிப் பேச்சாக மாறினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குப் போகிற விஷயம். அங்கே சமாதானம் பேச நான் சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கூட்டத்தில் மறுபடியும் எழுந்து "அடிக்கக் கூடாது" என்று ஆரம்பிக்காதீர்கள். அது சரியான பேச்சுதான், ஆனால் அங்கே எடுபடாது. அந்தப் பெற்றோருக்கு வேண்டியது கவனிப்புக்கு ஓர் அத்தாட்சி. பிரம்பை விட்ட பிறகு எனக்கும் முதல் இரண்டு வருஷம் கெட்ட பேர்தான். "சார் இப்பல்லாம் கண்டுக்கறதில்ல" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு வழி கிடைத்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய வீட்டுப் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஐந்து வீட்டுக்குப் பேசினேன். "உங்க பையன் இந்த வாரம் பின்னம் கூட்டறதுல தேறிட்டான்." அவ்வளவுதான். சூளையிலிருந்து பேசிய ஒரு அப்பா, போனைக் கையால் மூடாமலே பக்கத்திலிருப்பவர்களிடம் "வாத்தியார்டா, எம்புள்ளையப் பத்தி பேசறாரு" என்று கத்தியது எனக்குக் கேட்டது. அப்படிப் பேசிய வீடுகளிலிருந்து "தோலை உரிங்க" என்ற வசனம் அப்புறம் வரவில்லை. ஆகவே கூட்டத்தில், வாரம் ஒருமுறை பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறான் என்று ஆசிரியர் எங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள் என்று கேளுங்கள். கை தூக்க ஆள் வரும். தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த அம்மாக்களே வருவார்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதில் உறுப்பினராவது கூட்டத்தில் தனியாக எழுந்து நிற்பதைவிடப் பலம். தனியார் பள்ளி என்றால் முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள்: தேதி, பாடவேளை, என்ன நடந்தது. நான்கு வரி போதும், அதில் கோபம் வேண்டாம், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. காயம் என்றால் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி முதலில் டாக்டர், போட்டோ.

உங்கள் மகன் போகாதே என்கிறான். அவன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. புகார் போன மறுநாள், வகுப்பில் "வாப்பா, உன்னை ஒண்ணும் சொல்லக் கூடாதாமே, உங்கம்மா வந்துடுவாங்களாமே" என்று ஆரம்பிக்கும் வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன். அது பிரம்பைவிட நாள்பட்டு வலிக்கும். அதனால் அவனுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். கணக்கு வாத்தியாரைக் கூட்டத்துக்கு வெளியே, பள்ளி விட்ட பிறகு, தனியாகப் பாருங்கள். பிரம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், மகனுக்கு எந்தக் கணக்கு வரவில்லை என்று கேளுங்கள். அவருக்கு உடனே பதில் தெரிந்தால் அவர் பிள்ளையைக் கவனிக்கிறவர். பேசித் திருத்த முடிகிற ஆள். "எதுவுமே வரலைங்க" என்று சொன்னால் நாலு வரிக் கடிதத்தை எழுத ஆரம்பியுங்கள். எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் மகனிடம் படித்துக் காட்டுங்கள். அவன் ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.